கோவில்பட்டியில் அடித்த பவள மேசைகள்

காலை 7.00. தூத்துக்குடி பழைய பேருந்து நிலையம். கோவில்பட்டிக்கு அறுபது கிலோமீட்டர், கட்டணம் பதினேழு ரூபாய். பையில் இருந்தவை: அளவு நாடா, மேசை ஆர்டர் தாளின் நகல், இரண்டு வாழைப்பழம், ஒரு சிமெண்ட் பலகை. பலகை ஓரடி நீளம், அரையடி அகலம். மேசையில் சரியாக உட்காருகிறதா என்று வைத்துப் பார்ப்பதற்காக எடுத்துப் போனேன்.

எங்கள் ஆய்வுக்கூடத்தில் உடைந்த பவளத் துண்டுகளை வளர்த்து, பவளம் அழிந்துபோன பாரில் திரும்ப நடுகிறோம். பார் என்பது கடலடித் திட்டு. முறை எளியது. விரல் நீளத் துண்டை நைலான் நூலால் சிமெண்ட் பலகையில் கட்ட வேண்டும். பலகைகளை இரும்பு மேசையில் பொருத்தி, மேசையைக் கடலடியில் நிறுத்த வேண்டும். துண்டு பிழைத்தால் நூலையும் மூடிக்கொண்டு சிமெண்டில் படரும். அதன் பிறகு பலகையோடு எடுத்துப் பாரில் வைத்துவிடலாம்.

போன வருடம் ஆறு மேசைகள் இறக்கினோம். ஆறும் மணல் மூடிப் போயின. ஒரு துண்டுகூடப் பிழைக்கவில்லை. மேசை உயரம் போதவில்லை என்று அறிக்கை எழுதியது நான். கால்களை ஒரு சாண் கூட்டிப் புதிய வரைபடம் போட்டதும் நான். துறைமுகப் பக்கத்துப் பட்டறைகள் மூன்று வாரம் கேட்டன. கோவில்பட்டியில் தீப்பெட்டிக் கம்பெனிகளுக்கு ரேக் அடிக்கும் முருகேசன் நான்கு நாள் கேட்டார். பன்னிரண்டு மேசைக்குச் சொல்லியிருந்தோம்.

அவசரத்துக்குக் காரணம் உண்டு. புயலில் உடைந்த துண்டுகளைச் சேகரித்துக் கடலடியில் கூடைகளில் வைத்திருந்தோம். கூடையில் ஒன்றன்மேல் ஒன்று கிடந்தால் அடியில் உள்ளவை வெளுத்துச் சாகும். அதோடு பங்குனி பாதி போய்விட்டது. கச்சான் காற்று தொடங்கினால் தண்ணீர் கலங்கிவிடும், படகு மாதக்கணக்கில் போகாது. மறுநாள் காலை ஆறு மணிக்குப் படகு. இந்தத் தடவையும் தவறினால் வேலையை நிறுத்திவிடுவதாகத் தலைமை விஞ்ஞானி அமைதியாகச் சொல்லியிருந்தார்.

7.40. குறுக்குச்சாலையில் மிளகாய் வத்தல் மூட்டையோடு ஏறிய பெண் என் பக்கத்தில் உட்கார்ந்தார். மடியில் இருந்த பலகையைத் தட்டிப் பார்த்தார்.

"இதென்ன, கோயிலுக்குப் பேரு வெட்டப் போறியளா?"

"இல்லக்கா. கடலுக்குள்ள பவளம் நடுதோம். அதுக்கு."

"நடுதீங்களா? வெதையா, நாத்தா?"

"ஒடிச்ச குச்சி. முருங்கக் கம்பு நடுத மாதிரி."

"தண்ணி பாய்ச்சுத சோலி இல்ல, பாத்துக்கிடுங்க" என்றவர், தன் சிரிப்பிலேயே தும்மத் தொடங்கினார். வத்தல் நெடியில் நானும் தும்மினேன். எட்டயபுரத்தில் இறங்கும்போது, "காய்ச்சா எங்களுக்கும் ஒரு கிலோ" என்றார்.

எட்டயபுரத்திலிருந்து இருபுறமும் கரிசல். அறுவடை முடிந்து பருத்திமார் பிடுங்கிய நிலம் கால் நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடந்தது. காய்ந்த செடியான அந்த மாரைக் கட்டுக் கட்டாக வரப்பில் நிறுத்தியிருந்தார்கள். நான் நாகலாபுரத்துக்காரி; இந்த வெடிப்பில் பேனா, பம்பரம், ஒரு முறை கொலுசும் தொலைத்திருக்கிறேன். நீச்சல் கற்றது இருபத்திரண்டு வயதில்.

8.50. எட்டயபுரம் சாலைப் பட்டறை. பன்னிரண்டு மேசைகளும் வரிசையாக நின்றன. எல்லாம் சிவப்பு. ரெட் ஆக்சைடு அடித்து, காய்ந்து, பளபளவென்று.

நகலை எடுத்துப் பார்த்தேன். இரண்டாவது வரி: பெயின்ட் வேண்டாம்.

"அண்ணாச்சி, பெயின்ட் வேண்டாம்னு எழுதியிருந்தேனே."

முருகேசனுக்கு நாற்பது வயதிருக்கும். பெருமையோடு கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். "பாத்தேன் மேடம். காச மிச்சம் புடிக்க எழுதியிருக்கீங்கன்னு நெனச்சேன். உப்புத்தண்ணி ரெண்டே வருசத்துல இரும்பத் தின்னுரும்லா? அதான் நம்ம கணக்குல ரெண்டு கோட்டு. சும்மா. நம்ம பட்டறைய விட்டு எந்தச் சாமானும் மொட்டையா வெளிய போனதில்ல. பொட்டு வைக்காம பொண்ண அனுப்புவமா?"

"ரெண்டு வருசம் நின்னாப் போதும். அதுக்குள்ள பவளம் பலகைய புடிச்சிக்கிடும். பெயின்ட் தண்ணியில கரைஞ்சா பவளம் செத்துரும்."

அவர் மேசைகளைப் பார்த்தார். "செத்துருமா?"

"எல்லாம்."

உள்ளேயிருந்து அவர் மனைவி பாக்கியத்தின் குரல் வந்தது. "எழுதுனத எழுதுனபடி செய்யச் சொன்னா இவியளுக்கு மேலு நோகும். போன மாசம் ஒருத்தருக்கு கோழிக்கூண்டுக்கு ஓசியில வெள்ளிப் பெயின்ட் அடிச்சாவ. கோழி உள்ள போவமாட்டேங்குது."

குனிந்து காலைப் பார்த்தபோது இன்னொன்றும் தெரிந்தது. ஒவ்வொரு காலுக்கு அடியிலும் உள்ளங்கை அகலத்துக்கு இரும்புத் தகடு. வரைபடத்தில் அது இல்லை. குறிப்பேட்டில் எழுதினேன்: கேட்காமல் செய்தவை: ஒன்று, பெயின்ட். இரண்டு, தகடு.

"இதையும் அறுத்துருங்க அண்ணாச்சி. கூடுதல் எடை. பெயின்ட கிரைண்டர் போட்டு எடுத்துருங்க."

சொல்லி முடிக்கவும் மின்விசிறி நின்றது. மாதாந்திரப் பராமரிப்பு, காலை ஒன்பது மணி முதல் மாலை ஐந்து வரை மின்சாரம் இல்லை. அதற்காகத்தான் முந்தின நாளே வேலையை முடித்து வைத்திருந்தாராம். மூன்றரைக்கு டெம்போ. கிரைண்டர் இல்லாமல் தகட்டை அறுக்க முடியாது, பெயின்டையும் உரிக்க முடியாது.

முருகேசன் தலையைச் சொறிந்தார். பாக்கியம்தான் கேட்டார், "தீயில காட்டுனா உரியாதா?"

பட்டறைக்குப் பின்னால் காலி நிலம். அவர் வீட்டு அடுப்புக்காக அடுக்கியிருந்த பருத்திமார் படப்பு அங்கேயே இருந்தது. மூன்று மூன்று மேசையாகக் கவிழ்த்து, அடியில் மாரைத் திணித்துக் கொளுத்தினோம். மார் பொரிந்து எரியும், சட்டென்று அடங்கும். இரும்பு வளையாது, பெயின்ட் மட்டும் கொப்பளிக்கும். புகைக்கு எதிர்ப்பக்கம் நின்றுகொண்டு முருகேசன் சுரண்டினார், பாக்கியமும் நானும் கம்பி பிரஷால் தேய்த்தோம். வேலை இரண்டேமுக்கால் வரை நடந்தது. இடையில் அவர்கள் வீட்டுக் கம்பங்கஞ்சி, துவையல். படப்பில் பாதி தீர்ந்திருந்தது.

"பவளத்துக்கு வெறகு எரிச்ச ஊரு நம்ம ஊராத்தான் இருக்கும்" என்றார் பாக்கியம்.

தகடுகள் மட்டும் அப்படியே இருந்தன. "அது இருக்கட்டும் மேடம்" என்று முருகேசன் மெதுவாகச் சொன்னார். "கூர்க்கால் வச்சு அனுப்புனா எனக்குத் தூக்கம் வராது." டெம்போ வந்துவிட்டது. வாடகை தொள்ளாயிரம்.

மறுநாள் காலை 6.10. படகு. படகோட்டி அந்தோணி மேசைகளைக் கயிற்றில் கட்டிக்கொண்டே, "சின்ன வயசுல எங்க ஆளுவ இந்தப் பாருல பவளக்கல்லு ஒடைச்சு வித்தாவ. இப்ப நீங்க வந்து கட்டில் போடுதீங்க. மீனு படுக்கவா?" என்றார். நாற்பது நிமிடத்தில் இடம் வந்தது. ஆழம் மூன்றரை மீட்டர். காற்று இன்னும் தொடங்கவில்லை.

முதல் மேசையை இறக்கிவிட்டு நானும் இறங்கினேன். பக்கத்திலேயே போன வருட மேசை ஒன்று கிடந்தது. மணல் மூடியதாக நான் எழுதிய மேசை. அதன் காலை ஒட்டிக் கையால் தோண்டினேன். முழங்கை வரை போயும் கால் முடியவில்லை. மணல் மேலே ஏறி வரவில்லை. மேசைதான் உள்ளே இறங்கியிருக்கிறது. காலை ஒரு சாண் கூட்டியிருந்தால் ஒரு சாண் கூடுதலாக இறங்கியிருக்கும்.

புதிய மேசையின் விளிம்பைப் பிடித்து முழு பலத்தோடு அமுக்கினேன். தகடுகள் அசையவில்லை.

நாகலாபுரத்தில் எங்கள் ஆட்டுக் கொட்டகையின் ஒவ்வொரு காலுக்கு அடியிலும் ஒரு பட்டைக் கல் உண்டு. மழையில் கரிசல் களியாகிவிட்டால் கல் இல்லாத கால் ஒரே இரவில் சாய்ந்துவிடும். இருபது வருடம் அந்தக் கல்லில் உட்கார்ந்து செருப்பு மாட்டியிருக்கிறேன். தண்ணீருக்கு அடியில் பேச முடியாதது அன்று வசதியாக இருந்தது.

மதியம் இரண்டு மணிக்குள் பன்னிரண்டு மேசைகளும் நின்றன. கூடைகளில் அடியில் கிடந்த சில துண்டுகள் ஏற்கெனவே வெளுத்திருந்தன. மற்ற எல்லாவற்றையும் கட்டி முடித்தோம்.

ஐப்பசித் தொடக்கம். கச்சான் ஓய்ந்து தண்ணீர் தெளிந்த பின் போய்ப் பார்த்தோம். பன்னிரண்டும் வைத்த இடத்தில், வைத்த உயரத்தில். மூன்று பலகைகளில் துண்டுகள் செத்திருந்தன. மற்றவற்றில் நூலைக் காணவில்லை. பவளம் அதன்மேல் படர்ந்து சிமெண்டுக்கு இறங்கியிருந்தது. விரல் நீளமாக வைத்தவை கையளவு கிளைத்திருந்தன. மேசைக்கு அடியில் மீன்கள் இருந்தன. அந்தோணியிடம் சொன்னேன். "படுத்திருச்சா?" என்றார்.

அறிக்கையில் போன வருடக் காரணத்தைத் திருத்தி எழுதினேன். மேலும் இருபது மேசைக்கு அனுமதி கிடைத்தது.

கார்த்திகையில் கோவில்பட்டி. முந்தின நாள் மழை. பட்டறைக்குக் காலி நிலத்தின் குறுக்கே நடந்ததில் செருப்புக்கு அடியில் கரிசல் அப்பி, இரண்டு மடங்கு அகலமாகிவிட்டது. புதைந்தேனா என்றால் இல்லை. வாசலில் நின்று குச்சியால் சுரண்டினேன். பாக்கியம் பார்த்துவிட்டு, "பவளம் என்னாச்சு?" என்றார்.

"பொழைச்சிருச்சு."

முருகேசன் ஆர்டர் தாளை வாங்கி வாய்விட்டுப் படித்தார். "பெயின்ட் வேண்டாம். பெயின்ட் வேண்டாம். பெயின்ட் கண்டிப்பாக வேண்டாம்." நிறுத்தி, நான்காவது வரியை மனதுக்குள் படித்தார். பிறகு தாளை மனைவியிடம் நீட்டினார்.

அதில் எழுதியிருந்தது: காலுக்கு அடியில் தகடு, நீங்கள் வைக்கிறபடியே.