விரதம் இல்லாத நாளில் மட்டும் வைத்த மருந்து

போன வருடம் ஆடி மாதம், சண்டிலிப்பாயில் எங்கள் ஊர்க் கோயில் கொடியேறப்போகிற நேரம், யாழ்ப்பாணத்தில் ஒரு பெண் டொக்டரிடம் போனேன். மாதவிடாய் நின்ற பிறகு பிடித்த கரைச்சல் இது. அடிக்கடி மூத்திரம் முட்டும், போனால் எரியும், தும்மினால் சொட்டும். கீழே எந்நேரமும் காய்ந்து, அரித்துக் கடிக்கும். கிருமி கிருமி என்று குளிசை தந்தார்கள். கடைசியாகச் சோதித்தபோது கிருமியே இல்லை. எரிவு மட்டும் அப்படியே இருந்தது.

என் பெரிய கவலை வேறு. கொழும்பில் மகளுக்கு மார்கழியில் முதல் பிள்ளை பிறக்க இருந்தது. அவ்வளவு தூரம் பஸ்ஸில் எப்படி அடக்கிக்கொண்டு போவேன் என்று யோசித்தே நித்திரை கெட்டது. கணவரிடம் சொன்னால், "இஞ்சாரும், தண்ணியைக் குறைச்சுக் குடியுமன்" என்பார். குறைத்தால் இன்னும் எரிந்தது.

டொக்டர் பார்த்துவிட்டு, உள்ளே வைக்கிற கிறீம் ஒன்று தந்தார். வயது போக உடம்பில் குறைகிற ஹோர்மோனை அந்த இடத்துக்கு மட்டும் கொடுக்கும் மருந்தாம். முதல் இரண்டு கிழமை ஒவ்வொரு இரவும், பிறகு கிழமையில் இரண்டு நாள். மார்பில் புற்றுநோய் வந்ததா, மாதவிடாய் நின்ற பிறகு இரத்தம் பட்டதா என்றெல்லாம் கேட்டுத்தான் தந்தார்.

பக்கத்து வளவில் இருக்கிற மச்சாளிடம், அதுதான் கணவரின் அக்காவிடம், இதைப் போய்ச் சொன்னேன் பாருங்கள்.

"கொடியேறினாப் பிறகும் உதை உள்ளுக்கு வைச்சுக்கொண்டு கோயிலுக்கு வரப்போறீரோ? ஹோர்மோன் எண்டா புற்றுநோயும் வருமாம்."

எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். யார் என்ன சொன்னாலும் பயந்துவிடுவேன். மகளின் பிள்ளைப்பேறு நேரத்தில் தெய்வக்குற்றம் ஏதும் வந்துவிட்டால்? நிறுத்தினேன். தீர்த்தத் திருவிழா முடிந்து தொடங்கினால் வெள்ளி விரதம் வந்தது. பிறகு செவ்வாய். பிறகு புரட்டாசிச் சனி, நவராத்திரி. இடையில் ஓரிரு இரவு வைத்ததோடு கிறீம் அலுமாரியில் உடுப்புகளுக்குக் கீழே கிடந்தது. நான் மருந்து சரியில்லை என்று டொக்டரை மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன்.

திரும்பப் போனபோது மச்சாளும் துணைக்கு வந்தார்.

"ஒவ்வொரு இரவும் வைச்சனீங்களோ?" என்று டொக்டர் கேட்டார்.

"ஓம் டொக்டர். விரதம் இல்லாத நாளிலை."

டொக்டர் பேனையை மேசையில் போட்டார். "விரதம் இல்லாத நாள் எண்டு ஒண்டு உங்களுக்கு வருதோ, அம்மா? கண்ணுக்கு மருந்து விட்டாலும் கோயிலுக்குப் போவீங்கள்தானே. உதுவும் மருந்து. துடக்கு, தீட்டு ஒண்டுமில்லை."

புற்றுநோய்ப் பயத்தையும் கேட்டேன். அளவு மிகக் குறைவு, இரத்தத்தில் பெரிதாகச் சேராது, இரத்தம் பட்டால் மட்டும் உடனே வாருங்கள் என்றார். நான் எழும்பினேன். மச்சாள் எழும்பவில்லை.

"டொக்டர், எனக்கும் உந்த எரிவு கனகாலமா இருக்கு."

எனக்கு வந்த கோபத்தை என்னென்று சொல்ல. பஸ்ஸில் ஏறியதும் கேட்டேன்: "உங்களுக்கும் இருந்ததெண்டா ஏன் மச்சாள் சொல்லேல்லை?"

"உதை ஆரிட்டைச் சொல்லுறது?" என்று யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அன்றிலிருந்து கந்தசஷ்டியிலும் மருந்தை விடவில்லை. ஒரே நாளில் சுகம் வரவில்லை. கிழமைக் கணக்கில் மெல்ல மெல்லத்தான் எரிவு குறைந்தது. மார்கழியில் கொழும்பு பஸ்ஸில் ஏறினேன். வழியில் தேத்தண்ணிக்கு எல்லோரும் இறங்குகிற இடத்தில் நானும் இறங்கினேன், அவ்வளவுதான். பேரப்பிள்ளையைக் கையில் வாங்கினேன்.

இப்போது சுகம்தான். ஆனாலும், கடவுள் கேட்காத ஒரு சுத்தத்தை அவருக்காகக் காத்துக்கொண்டு, பக்கத்துப் பக்கத்து வளவில் இரண்டு பெண்கள் ஆளுக்காள் தெரியாமல் எரிந்துகொண்டிருந்தோம் என்று நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆத்திரம்தான் வருகிறது.