நரம்புதான் அறுபட வேண்டும்

தூண்டில் கடை வைத்தவனுக்கு மீனைப் பற்றித் தெரியாவிட்டாலும் பிழைத்துக்கொள்ளலாம். ராடு என்கிற தூண்டில் கோலில் அச்சடித்திருக்கும் எண்ணை வாடிக்கையாளருக்குப் புரியவைக்கத் தெரியாவிட்டால் தொலைந்தான். கவுண்ட்டருக்குப் பின்னால் நின்று வாய் வலிக்கப் பேசிய யாருக்கும் என் கஷ்டம் புரியும். ராடில் ‘10–20 பவுண்டு’ என்று போட்டிருந்தால், அவ்வளவு பலமுள்ள தூண்டில் நூலைத்தான், எங்கள் பாஷையில் நரம்பைத்தான், அதில் மாட்டலாம் என்று அர்த்தம். மீன் ரொம்ப முரண்டு பிடித்தால் நரம்பு அறுபட வேண்டும், ராடு பிழைக்க வேண்டும். இவ்வளவுதான் சங்கதி. அடையாறில் கடை போட்ட நாளிலிருந்து இதைத்தான் கத்திக்கொண்டிருக்கிறேன்!

கேன் தூக்கிய வீரர்

ஆதம்பாக்கத்திலிருந்து ஒருவர் வந்தார். இருபது பவுண்டு என்றால் ஏறக்குறைய ஒன்பது கிலோ என்று செல்போனில் பார்த்துக்கொண்டார். “அது மீனோட எடை இல்லீங்க” என்று நான் சொல்லி முடிப்பதற்குள், கடையில் பாதி காலியாக இருந்த தண்ணீர் கேனின் கழுத்தில் நரம்பைச் சுற்றி, ராடை நெட்டுக்குத்தாக நிமிர்த்திவிட்டார். பட்டென்று நுனி முறிந்தது. கேன் இருந்த இடத்தைவிட்டு அசையவே இல்லை. அவருக்கு என் மேல் கோபமான கோபம்.

“இன்னா பாய், தண்ணிக்கே தாங்கல, மீனுக்கு எப்டி தாங்கும்?”

இறுக்கிப் பிடித்தவர்

ஈக்காட்டுத்தாங்கலில் லேத் பட்டறை வைத்திருக்கும் மணி, அதே அளவு ராடில் எண்பது பவுண்டு பின்னல் நரம்பை மாட்டினார். நரம்பு சுற்றியிருக்கும் ரீலில் ஒரு பிரேக் உண்டு. மீன் வேகமாக இழுத்தால் நரம்பைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுப்பது அதுதான். அதையும் பட்டறை ஆள் கையால் முழுசாக இறுக்கிவிட்டார். தூண்டில் முள் போய்ப் பாறையில் மாட்ட, இவர் இழுத்த இழுப்பில் ராடு இரண்டாகிவிட்டது. மறுநாள் துண்டுகளோடு வந்தவர் முகத்தில் ஒரே பெருமை.

“பாத்தியா பாய், ராடுதான் பூட்ச்சி, நரம்பு அப்டியே கீது! இதுலயே இன்னும் ரெண்டு ரோலு குடு.”

பெசன்ட் நகரில் ஒரு கொடுவா

ஒடிந்த இரண்டு ராடும் டீலர் சேகரிடம் போயின. என் கடையில் பாதிச் சரக்கு அவர் கொடுப்பதுதான். “இன்னொண்ணு ஒடிஞ்சு வந்தா ஏஜென்சியை வேற கடைக்குக் குடுத்துடுவேன்” என்றவர், ஞாயிற்றுக்கிழமை காலை ராடைச் சோதித்துப் பார்க்க நேரிலேயே கடற்கரைக்கு வந்துவிட்டார். நான் இருபது பவுண்டு நரம்பை மாட்டி, நம்பி ராடைக் கொடுத்தது வைத்தி மாமாவிடம். மயிலாப்பூரில் வீணை சொல்லிக்கொடுப்பவர், சுத்த சைவம். பிடித்த மீனை அப்படியே கடலில் விட்டுவிடுவார்.

அலையில் வீசிய சற்று நேரத்தில் ரீல் க்ர்ர்ர் என்று அலறியது! ராடு வில்லாக வளைந்தது. ஒரு கை நீளத்துக்குக் கொடுவா மீன் ஒன்று துள்ளி எழுந்து, வாலைக் காட்டிவிட்டு முங்கியது. வாக்கிங் வந்த கூட்டம் முழுக்க ஓடி வந்தது. “உடாதீங்க மாமா!” என்று கூச்சல். நான் செருப்போடு தண்ணீரில் இறங்கி, “இறுக்காதீங்க மாமா!” என்று கதறினேன். எனக்கு மேல் கத்தியது யார் தெரியுமா? பேண்டை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு குதித்த சேகர்தான்: “பிரேக்கை இறுக்குங்க சார், இறுக்குங்க!”

மாமா பதற்றத்தில் ஒரு திருகு திருகினார். டப்! நான் கண்ணை மூடிக்கொண்டேன். போச்சு ஏஜென்சி. திறந்து பார்த்தால், மாமா கையில் ராடு முழுசாக நிற்கிறது, அறுந்த நரம்பு காற்றில் ஆடுகிறது! மாமாவைக் கட்டிக்கொண்டு குதித்தேன். கடற்கரையே “ஐயோ” என்று உச்சுக்கொட்ட, எனக்கு மட்டும் ஆனந்தக் கூத்து. “பேஷ், நானே விடறதா இருந்தேன், அதுவே போயிடுத்து” என்று மாமாவும் சிரித்தார். சேகர் மட்டும் தலையில் கை வைத்துக்கொண்டு மணலில் உட்கார்ந்துவிட்டார்.

“ஏன் பாய், கொஞ்சம் தடி நரம்பா போட்டுக் குடுத்திருக்கக் கூடாதா?”

ஏஜென்சி என்னவோ என்னிடமே தங்கிவிட்டது. ராடு ஒடிந்தாலும் நான்தான் குற்றவாளி, ஒடியாமல் மீன் போனாலும் நான்தான் குற்றவாளி என்பதும் அதோடு சேர்ந்தே தங்கிவிட்டது.