மாயக்காள் முதுகில் ஒரு வில்லை

கம்பவுண்டர் வேலை என்றாலே கலக்குகிற வேலை. கசப்பை இனிப்பாலும் நாற்றத்தை வாசனையாலும் மறைத்து மருந்தைத் தொண்டைக்குக் கீழே இறக்குவதுதான் பிழைப்பு. கல்வத்தில் அரைத்து அரைத்து மணிக்கட்டு வீங்கியவர்களும், "இன்னுங் கொஞ்சம் செவப்புத் தண்ணி ஊத்துங்கய்யா" என்ற பேரத்துக்கு மசிந்தவர்களும் இதைப் படித்தால் என் பாடு புரியும். உலக யுத்தம் முடிந்த புதிதில், தேனியில் நான் வேலை பார்த்த சின்ன ஆஸ்பத்திரியில் நடந்தவை இவை.

முந்தானை முடிச்சில் உப்பு

வருசநாட்டுப் பக்கமிருந்து மாயக்காளைக் கட்டிலோடு தூக்கி வந்தார்கள். சின்ன வயசுதான். எழுந்து உட்கார்ந்தால் மயக்கம்; தின்றது தங்குவதில்லை; உள்ளங்கை ரேகையும் ஈறும்கூடக் கறுத்துக்கொண்டே வந்தன. செய்வினை என்று வேப்பிலை அடித்துப் பார்த்துவிட்டுத்தான் எங்களிடம் வந்திருந்தார்கள். இரண்டாம் நாள் பக்கத்துக் கட்டில்காரி ஒரு புகார் கொண்டு வந்தாள்: இந்தப் பொம்பளை முந்தானையில் கல்லுப்பு முடிந்து வைத்துக்கொண்டு மிட்டாய் மாதிரித் தின்கிறாளாம்.

எங்கள் டாக்டரம்மாவுக்கு அந்தப் புகார் ஒன்றே போதுமானதாக இருந்தது. மாயக்காளுக்கு முன்பு வந்த சயரோகம், சிறுநீரகங்களின் மேல் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் சுரப்பிகளை அரித்துவிட்டது. உடம்பில் உப்பைப் பிடித்து வைக்கும் சத்து அங்கிருந்துதான் ஊற வேண்டும். இன்று ஸ்டீராய்டு என்கிறார்களே, அந்த இனம். அதைச் செயற்கையாகச் செய்து எண்ணெயில் கரைத்த ஊசி மருந்து கொஞ்சம் கிடைத்தது. தினம் ஒரு ஊசி, கூடவே உப்புத் தண்ணீர். அந்த வாரமே மாயக்காள் தானாக எழுந்து நடந்தாள். வார்டு முழுக்க ஒரே பேச்சு, அவள் குரல்தான்: "உப்புத் திங்கேன்னு ஊரே பேய் பிடிச்சிருச்சுன்னாக, இந்த ஆத்தா மட்டுந்தான் இன்னும் தின்னுன்னாக!"

எனக்கு என்ன வேலை?

ஆனால் ஊசியை நிறுத்தினால் திரும்பவும் சாய்ந்துவிடுவாள். அவள் ஊரில் தினம் ஊசி போட ஆள் ஏது? வீட்டில் சின்னப் பெண் குழந்தை ஒன்று. "செத்தாலும் எம்பிள்ள பக்கத்துல சாகுறேன், விட்ருங்க" என்று அழ ஆரம்பித்துவிட்டாள்.

டாக்டரம்மா மருத்துவப் பத்திரிகையில் ஒரு யோசனை படித்திருந்தார். மருந்துப் படிகத்தை மட்டும் இறுக அழுத்தி வில்லையாக்கித் தோலுக்கடியில் வைத்துவிட்டால், மேல்பக்கமாகவே மெல்ல மெல்லக் கரைந்து மாதக் கணக்கில் உடம்பில் சேரும். சீனியை வாயில் போட்டால் உடனே காணாமல் போகிறது, பனங்கற்கண்டை ஒதுக்கிக்கொண்டால் வெகுநேரம் நிற்கிறதில்லையா, அதுதான் சூட்சுமம். வெளிநாட்டு வில்லை நமக்கு எட்டவில்லை. பம்பாயிலிருந்து வெறும் வெள்ளைப் பொடியாக ஒரு குப்பி வந்து சேர்ந்தது. நான் பழக்கதோஷத்தில் பிசின் டப்பாவைத் திறந்தேன். டாக்டரம்மா மூடியைப் பிடுங்கி மூடினார். பிசினோ மாவோ சேர்ந்தால் வில்லை உள்ளே போய் ஊறி உடைந்துவிடும், மருந்து மொத்தமும் ஒரேயடியாக இறங்கி ஆளையே வீங்க வைத்துவிடும் என்றார். ஒன்றுமே சேர்க்காத மருந்தா! அப்படியானால் எனக்கு இதில் என்ன வேலை என்று கேட்டேன். "கையைக் கட்டிக்கிட்டு இருக்கிறதுதான் வேலை. உங்களால முடியுமான்னு பாருங்க!"

பிட்டர் சவரிமுத்து

அழுத்துவதற்கு ஒரு கருவி வேண்டும். பருத்தி அரைக்கும் மில்லில் இயந்திரம் பழுதுபார்க்கும் பிட்டராக இருந்த சவரிமுத்துவிடம் போனேன். இரும்புக் கட்டையில் ஒரு துளை, அதில் காற்றுக்கூட நுழையாமல் இறங்கும் ஓர் ஆணி, மேலே திருகி அழுத்த ஒரு கைப்பிடி. விளக்கிவிட்டு, வில்லை உளுந்து அளவு இருக்க வேண்டும் என்றேன். ஆள் உயரப் பல்சக்கரங்களோடு பழகியவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "கோழிக்குஞ்சுக்குக் கொலுசு அடிக்கச் சொல்றீகளா, கம்பவுண்டரே?"

ஒன்றும் நடக்காத கண்ணாடிக் குவளை

விலை உயர்ந்த பொடியில் கைவைக்கப் பயந்து, போரிக் பவுடரில் ஒத்திகை பார்த்தோம். அழுத்தும்போது நன்றாக இருக்கும். வெளியே தள்ளும்போது விண்டுபோகும். பிசின் டப்பா என்னைப் பார்த்துச் சிரித்த மாதிரியே இருந்தது. டாக்டரம்மா துளையைப் பூதக்கண்ணாடியில் பார்த்துவிட்டு, உள்சுவரில் கீறல் இருக்கிறது, அதுதான் பிய்க்கிறது என்றார். சவரிமுத்து அதைத் தேய்த்துத் தேய்த்து முகம் தெரிகிற அளவுக்கு மினுக்கிக் கொடுத்தார். அழுத்தியதும் அவசரப்பட்டு எடுக்காமல் திருகுக் கைப்பிடியை அப்படியே கொஞ்சநேரம் விட்டுவைத்தோம். அசல் மருந்தைப் போட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு தள்ளினேன். தட்டில் 'டிக்' என்று விழுந்தது! முழுசாக! வெள்ளை வெளேரென்று! சவரிமுத்துவும் நானும் கட்டிப் பிடித்துக்கொண்டோம்.

சோதனைக்கு ஒரு வில்லையை, உடம்புச் சூட்டுக்கு வெதுவெதுப்பாக வைத்திருந்த உப்புத் தண்ணீரில் போட்டோம். மறுநாள் பார்த்தேன், அப்படியே இருந்தது. அதற்கடுத்த நாளும் ஓரம்கூட உடையவில்லை. டாக்டரம்மா சின்னப் பிள்ளை மாதிரிக் கைதட்டினார். நான் வார்டில் போய் எல்லாரையும் கூப்பிட்டேன். சமையல்கார அந்தோணியம்மாள் கரண்டியோடு வந்து குவளைக்குள் வெகுநேரம் உற்றுப் பார்த்தாள். "ஒண்ணுமே நடக்கலையேய்யா; இதுக்கா இம்புட்டுக் கூத்து?"

சம்சாரியின் சந்தேகம்

மாயக்காள் முதுகில், தோள்பட்டைக்குக் கீழே மரத்துப்போக ஊசி போட்டு, சின்னதாகக் கீறி, வில்லைகளை உள்ளே வைத்துத் தைத்தார் டாக்டரம்மா. புருசன் சின்னச்சாமி கடலை வெள்ளாமை செய்கிற சம்சாரி. வெளியே நின்ற மனிதருக்கு, என்ன செய்திருக்கிறோம் என்று நான்தான் விளக்கினேன். கால் வீங்கினாலோ, மயக்கம் வந்தாலோ உடனே தூக்கிவர வேண்டும், எப்படி இருந்தாலும் அடுத்த மாசம் ஒருதடவை வந்து காட்ட வேண்டும் என்று படித்துப் படித்துச் சொன்னேன். அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டுக் குரலைத் தாழ்த்திக் கேட்டார். "ஏய்யா, உள்ளாற ஊண்டுனது மொளைச்சுக்கிளைச்சுத் தொலையாதுல்ல?"

வருசநாட்டில் விசாரணை

அடுத்த மாசம் வந்தது; மாயக்காள் வரவில்லை. ஆளும் அனுப்பவில்லை. டாக்டரம்மாவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. எனக்கும்தான். நான் அழுத்திய வில்லை உள்ளே விண்டுபோயிருந்தால்? கடைசியில் இரண்டு பேரும் கிளம்பிவிட்டோம். பஸ் போகிற மட்டும் பஸ், அப்புறம் மாட்டுவண்டி, அதற்கப்புறம் கரடுமுரடான பாதையில் நடை. புதுச்செருப்பு என் குதிகாலைத் தின்றுவிட்டது. வீட்டுக்குப் போனால் கதவு சாத்தியிருந்தது. பக்கத்து வீட்டுக் கிழவர், "அவளா? போயிட்டாளே" என்றார். டாக்டரம்மா என் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். கிழவர் நிதானமாக வெற்றிலையைத் துப்பிவிட்டு, "மேக்காட்டுக்கு" என்று முடித்தார்.

மேற்கே இருந்த கடலைக்காட்டுக்கு ஓடினோம். சரிவில் தலைநிறையக் கடலைக்கொடிக் கட்டோடு மாயக்காள் இறங்கி வந்துகொண்டிருந்தாள், பின்னாலேயே அவள் மகள். பழைய கறுப்பு பாதி வெளிறியிருந்தது. டாக்டரம்மா அங்கேயே வரப்பில் உட்கார வைத்துக் காலை அழுத்திப் பார்த்தார், வீக்கம் இல்லை. ரத்த அழுத்தம் பார்த்தார், அதுவும் சரியாக இருந்தது. நிமிர்ந்தபோது அவர் கண் கலங்கியிருந்தது. வில்லை கரைந்து தீரும் முன்னே அடுத்தது வைக்க வந்தே ஆகவேண்டும் என்று சத்தியம் வாங்கிக்கொண்டார். (சொன்னபடி அப்புறம் தவறாமல் வந்தாள்.) என் ஆத்திரம் மட்டும் அடங்கவில்லை. ஏன் வந்து காட்டவில்லை என்று சத்தம் போட்டேன். மாயக்காள் கையைப் பின்னால் வளைத்துத் தன் முதுகைத் தொட்டுக் காட்டினாள். "மருந்துதான் இங்கன இருக்கே, பெறகு நா எதுக்கய்யா அங்கன வரணும்?"

நம் மருந்து நன்றாக வேலை செய்தால் நோயாளி நம்மைத் தேடி வரமாட்டார், நாம்தான் காலில் கொப்புளத்தோடு அவரைத் தேடிப் போக வேண்டும்.