தெரபி டீச்சரும் வெள்ளிக்கிழமை பிரியாணியும்

கொஞ்ச நாளாக எனக்கு ஒரு குழப்பம். யார் எதைக் கொடுத்தாலும் முகம் மலர வாங்கிக்கொள்ள வேண்டிய வேலையில் இருந்துகொண்டு, பிரியாணியைக் கண்டாலே எரிச்சல் வருகிறது.

கை கால் அசைவில் சிரமம் உள்ள பிள்ளைகளுக்காகத் திண்டுக்கல்லில் ஒரு வாடகை வீட்டில் பகல் நேர மையம் நடத்துகிறோம். பிள்ளைகளை நிற்கவும் பிடிக்கவும் பழக்குகிற தெரபி டீச்சரின் சம்பளம் அரசு மானியத்திலிருந்து வந்துகொண்டிருந்தது. அது நின்றுவிட்டது. நின்றுவிட்டது என்றும் திட்டமாகச் சொல்ல முடியாது. அலுவலகத்தில் கேட்டால் "வரும்மா, வரும்" என்கிறார்கள். எப்போது என்றால் மின்விசிறியைப் பார்க்கிறார்கள். டீச்சருக்கோ மதுரை ஆஸ்பத்திரி ஒன்றில் வேலை தயாராக இருந்தது. மாதக் கடைசிக்குள் ஒரு முடிவு சொல்லும்படி என்னிடம் கேட்டிருந்தார். அவர் போய்விட்டால் நானும் ஆயாவும் பிள்ளைகளை உட்காரவைத்துப் பார்த்துக்கொண்டிருக்கலாம், அவ்வளவுதான்.

சோற்றுக்கு மட்டும் பஞ்சமே இல்லை. பிறந்தநாள், கல்யாண நாள், திதி, எது வந்தாலும் இந்த ஊர்க்காரர்கள் எங்கள் பிள்ளைகளுக்கு இலை போட்டுவிடுவார்கள். கொடுப்பவர் தன் கையால் பரிமாற வேண்டும், பிள்ளை சாப்பிடுவதைக் கண்ணால் பார்க்க வேண்டும். சம்பளத்தை எந்தக் கரண்டியால் பரிமாறுவது?

தோல் வியாபாரம் செய்யும் பாய் ஒருவர், மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்ததும், தன் அம்மா நினைவாக தேக்சா என்கிற பெரிய பாத்திரம் நிறைய பிரியாணி கொண்டுவருவார். நல்ல மனுஷர். அவரிடமே கேட்டுவிடலாம் என்று போன் போட்டேன்.

"பாய், இந்த மாசம் சோறு வேணாம். டீச்சர் சம்பளத்துக்கு ஏதாச்சும் பண்ணுங்களேன்."

"என்னம்மா இப்பிடிச் சொல்லிப்புட்டீக? எங்கம்மா பேருல சோறு போட்டா பிள்ளைக வயிறு நெறையும், அவுகளுக்காக வேண்டி துஆ செய்யும். சம்பளம் கவர்மெண்டு பாடு. அத நான் குடுத்தா, பாய்தான் பாத்துக்கிடுறாரேன்னு அவுக ஒரேயடியா கைகழுவிருவாக. நாளைக்கு எனக்கு ஏலலைன்னா என்ன செய்வீக?"

அவர் சொன்னதில் என்ன தப்பு? கொடுத்தாலும் பயம், கொடுக்காவிட்டாலும் பயம். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி.

வேண்டாம் என்று சொல்லியும் அந்த வெள்ளிக்கிழமை தேக்சா வந்தது. பக்கத்து ஊரான அகரத்திலிருந்து வரும் ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி இருக்கிறாள். அவள் அம்மா பூத்தோட்டத்தில் வேலை பார்க்கிறாள். பாய் வழக்கம்போல அவள் எதிரில் உட்கார்ந்து உருண்டை பிடித்தார்.

டீச்சர் ஒட்டன்சத்திரத்துக்காரர். "ஏனுங்க பாய், ஊட்டாதீங்க. அவளே சாப்பிடுவாளுங்க" என்றார்.

"பாவம்மா, பிள்ளைக்குப் பசிக்குமுல்ல?"

"பசிச்சாத்தானுங்க கை வரும்."

சிறுமியின் கை தட்டிலிருந்து கிளம்பி, வழியில் நடுங்கி, பாதிச் சோற்றைப் பாயின் வெள்ளைச் சட்டையில் கொட்டியது. அவர் கை தானாக நீளும். டீச்சர் ஒரு பார்வை பார்த்தால் பின்வாங்கும். ஒரு வழியாக ஒரு வாய்ச் சோறு உள்ளே போனது. அவள் மென்றுகொண்டே எங்களைப் பெருமையாகப் பார்த்தாள்.

"போன ரம்ஜானப்பக்கூட நாந்தான ஊட்டினேன்?" என்றார் பாய்.

"தினமும் பழக்குறதுதானுங்க."

அவர் சட்டையில் விழுந்த சோற்றை ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். கை கழுவும்போது என்னிடம் சொன்னார்: "ஒரு வருசத்துக்கு டீச்சர் சம்பளம் நான் தாரேன். மாசாமாசம் வந்து கேக்கவும் வேணாம், போட்டோ புடிச்சு அனுப்பவும் வேணாம். ஆனா மானியம் கேட்டு அலையறத நீங்க நிறுத்தப்படாது. எங்க வியாபாரிக சங்கத்து ஆளுகளோட நானும் ஆபீசுக்கு வாரேன். தனியாப் போனா, நீங்க சொன்னாப்புல மின்விசிறியத்தான் பாப்பாக."

எனக்கு அழுகை வந்துவிட்டது. மதுரைக்கு வரவில்லை என்று டீச்சர் அன்றே ஆஸ்பத்திரிக்குச் சொல்லிவிட்டார். சந்தோஷம்தான். ஆனாலும் வருஷம் முடிந்தால் என்ன? அரசு விட்டதை இப்படி ஒருவர் தலையில் கட்டுவது சரியா? அன்றும் தெரியவில்லை, இன்றும் தெரியவில்லை.

அடுத்த மாதம் பாய் வெறுங்கையோடு வந்தார். சிறுமி சுவரோரக் கம்பியைப் பிடித்து நின்று பயிற்சி செய்துகொண்டிருந்தாள். பிடி இல்லாமல் அவள் அதுவரை நின்றதில்லை. அவரைக் கண்டதும் முகம் மலர்ந்து, அவரைத் தாண்டி வாசலைப் பார்த்தாள்.

"பிரியாணி?"

பாய் தவித்துப்போனார். "பாத்தீகளா? இதுக்கு நான் என்னத்தச் சொல்ல?" என்று என்னைக் கேட்டார். 

"செத்த நேரம் பேசாம இருங்க" என்று டீச்சர் தாழ்ந்த குரலில் சொன்னார். அப்போதுதான் நாங்கள் பார்த்தோம். வாசலை எட்டிப் பார்க்கிற ஆசையில் அவள் இரண்டு கையையும் கம்பியிலிருந்து எடுத்திருந்தாள். தேக்சா வரவில்லை என்று புரிகிறவரை அப்படியே நின்றுகொண்டிருந்தாள்.