வெளிச்சத்தைக் கெடுத்தவன்

என் தங்கச்சியை ஏசியதற்கு இன்றுவரை மன்னிப்புக் கேட்கவில்லை. வாய் வரவில்லை என்று சொன்னால் அது பாதிப் பொய். கேட்டால் என் குட்டு வெளிப்பட்டுவிடும் என்பதுதான் நிஜம்.

கண்டிப் பக்கம் ஒரு பல்கலைக்கழகத்தில் லேசர் ஆராய்ச்சி செய்கிறேன். விரல் நீளக் கண்ணாடிக் குழாய், உள்ளே ரூபிடியம் என்ற உலோகத்தின் ஆவி. சரியான நிறத்து லேசரை அனுப்பினால் ஆவி அதை அப்படியே விழுங்கிவிடும். அதற்கேற்ற இன்னொரு லேசரையும் கூடவே அனுப்பினால், அணுக்கள் இரண்டு வெளிச்சத்தோடும் ஓர் இசைவுக்குள் சிக்கி, விழுங்குவதையே விட்டுவிடும். முதல் வெளிச்சம் ஆமை வேகத்தில் மறுபக்கம் வந்து சேரும். அந்த இசைவு ரொம்ப நொய்யது. பக்கத்தில் ஒரு சின்னக் காந்தம் இருந்தால் போதும், கலைந்துவிடும்.

மாதக்கணக்கில் மண்டையை உடைத்து ஒரு நாள் காலை அதைக் கண்டேன்: வெளிச்சம் வந்து சேர்ந்ததற்கு அடையாளமாகத் திரையில் ஒரு கோடு எழும்பி நின்றது. அன்றைக்குத்தான் தங்கச்சி கொழுந்து பறிப்பதற்கு லீவு சொல்லிவிட்டு, உடப்புசல்லாவையில் இருக்கும் எங்கள் தேயிலைத் தோட்டத்திலிருந்து மூன்று பஸ் மாறி, முன்கூட்டிச் சொல்லாமல் வந்து நின்றாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. உள்ளே கூப்பிட்டு எல்லாவற்றையும் விளக்கினேன். பனிமூட்டத்தில் பஸ்காரர்கள் பெரிய லைட்டையும் போட்டால் இன்னும் மோசமாகத்தானே தெரியும், இதில் மட்டும் எப்படி என்று கேட்டாள். நல்ல கேள்வி. பதில் சொல்லத் திரும்பினால், திரையில் எழும்பி நின்ற கோடு படுத்துக் கிடந்தது.

அவள் கைப்பையில் போன். போனுக்குள் காந்தம்.

"அறிவிருக்கா ஒனக்கு? பையக் கொண்டுபோய் வெளிய வை" என்று ஆய்வுக்கூடத்தில் இருந்த எல்லோர் முன்னாலும் கத்தினேன். வைத்துவிட்டு வந்தாள். கோடு எழும்பவில்லை. ஒருமுறை கலைத்தால் கலைத்ததுதான் என்று அதற்கும் அவளையே ஏசினேன். வேலையைப் பாருங்கள் அண்ணே என்று சொல்லிவிட்டுப் போனாள். நான் தலையைக்கூடத் தூக்கவில்லை.

எங்கள் ஆட்கள் முக்கியமான விஷயமாக வந்தால் வந்த காலோடு அதை எடுக்கமாட்டார்கள். தேத்தண்ணி குடித்து, கிளாஸைக் கீழே வைத்த பிறகுதான் பேச்சு வரும். தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்த எனக்கு இது தெரியாதா? அவளுக்கு ஒரு வாய் தேத்தண்ணி நான் கொடுக்கவில்லை.

அவள் போய்க் கொஞ்ச நேரத்தில், குழாய்க்கு அடியில் என் ஸ்க்ரூட்ரைவர் கிடப்பதைப் பார்த்தேன். ஆணி கீழே விழாமலிருக்க நுனியில் காந்தம் வைத்தது. விளக்குகிற ஆர்வத்தில் நானே ஓர் ஆணியை முடுக்கிவிட்டு அங்கே வைத்திருக்கிறேன். எடுத்ததும் கோடு எழும்பியது. துள்ளிக் குதித்தேன். அவளை நினைக்கவே இல்லை.

அடுத்த மாதம் வீட்டுக்குப் போனபோது அவள் இல்லை. குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போய் ஒரு கிழமை ஆகியிருந்தது. அன்றைக்கு அந்தப் பையில் போனோடு, அவள் இன்னும் கையெழுத்துப் போடாத குவைத் வேலைப் பத்திரமும் இருந்திருக்கிறது.

"அண்ணே வேணாம்னா போகமாட்டேன், கேட்டுட்டு வர்றேன்னு சொல்லிட்டுத்தாம்பா வந்தா" என்றாள் அம்மா.

வெள்ளிக்கிழமைகளில் அவள் குவைத்திலிருந்து வீட்டுக்குப் போன் எடுப்பாள். தோட்டத்தில் சிக்னல் கிடைப்பது கொழுந்து நிறுக்கும் மடுவத்தில்தான். போன கிழமை வீட்டுக்குப் போயிருந்தபோது அங்கே நின்று பேசினேன். வைக்கப்போகும்போது கேட்டாள்.

"நா அன்னைக்கி கெடுத்துட்டேனே, அது சரியாயிருச்சாண்ணே?"

"சரியாயிருச்சு" என்றேன்.