புது ஊசியிலும் கேட்காத சலங்கை

போன சனிக்கிழமை எங்கள் வீட்டுக்கு இரண்டாவது ஊசி வந்தது.

தையல் ஊசியோ, டாக்டர் போடுகிற ஊசியோ இல்லை. ரெக்கார்ட் பிளேயர் ஊசி. அதைத் தாங்கிப் பிடிக்கிற சின்னப் பெட்டிக்குப் பெயர் கார்ட்ரிட்ஜ். கொஞ்ச நாள் முன்பு வரை எனக்கும் தெரியாது. திண்டுக்கல்லில் நான் ஏறி இறங்கிய கடையிலெல்லாம், "பிரிண்டருக்கா, அக்கா?" என்றுதான் கேட்டார்கள்.

ஊசி வேண்டும் என்றது என் மாமனார். ரிட்டயர்டு வாத்தியார். எங்கள் பங்குக் கோயிலில் பாடகர் குழுவை நடத்துகிறவர். பின்வரிசையில் ஒரு பிள்ளைக்குச் சுருதி கொஞ்சம் இறங்கினாலும் திரும்பிப் பார்ப்பார். மாமா காதுக்கு எதுவும் தப்பாது என்பது எங்கள் வீட்டில் எல்லாரும் ஒத்துக்கொண்ட விஷயம்.

அவர் கல்யாணத்துக்கு முன்பே வாங்கிய பிளேயர் அது. அடிக்கடி போடுவது ஒரு வயலின் இசைத்தட்டு. தபேலாவோடு மெல்லிசாக ஒரு சலங்கையும் சேர்ந்து வரும்.

"ஏம்மா, சலங்கை கேக்க மாட்டேங்குது. ஊசி தேஞ்சுபோச்சுபோல. ஒன்னு பாத்து வாங்கேன்."

மாமா என்னிடம் எதுவும் கேட்கிறவரில்லை. கேட்டது இது ஒன்றுதான். விடுவேனா? ஒரு கையால் என் மகள் ஜெனிக்குச் சோறு ஊட்டிக்கொண்டே மறுகையால் போனில் தேடித் தேடிப் படித்தேன். முனை உருண்டையாக இருந்தால் பழைய தட்டுக்குப் பாதுகாப்பு. நீள்வட்டமாக இருந்தால் நுணுக்கமான சத்தமெல்லாம் வரும் — ஆனால் சரியாகப் பொருத்தாவிட்டால் தட்டு தேய்ந்துவிடுமாம். தேய்ந்துவிட்டால்...? எனக்குப் பயந்த சுபாவம். உருண்டை முனையையே வாங்கினேன்.

பொருத்தியாயிற்று. தட்டு சுற்றியது. சலங்கை எனக்கு நன்றாகவே கேட்டது.

மாமா உதட்டைப் பிதுக்கினார். "மந்தமாத்தாம்மா இருக்கு. சலங்கை எங்க?"

அந்த இடத்தில் நீங்கள் இருந்திருந்தால் என்ன நினைத்திருப்பீர்கள்? நான் என்ன நினைத்தேன் தெரியுமா? தப்பான ஊசியை வாங்கிவிட்டேன் என்று!

கணவரிடம் புலம்பினேன்.

"ஒனக்குத்தான் கேக்குதுல்ல? பெறகென்ன?"

"எனக்குக் கேட்டா ஆச்சா? மாமா காதும் என் காதும் ஒன்னா?"

"அதுசரி. நான் கூப்பிட்டா மட்டும் கேக்காத காதாச்சே அப்பா காது."

அவர் சிரித்தார். நான் மறுபடியும் ஆர்டர் போட்டேன். இந்தமுறை நீள்வட்ட முனை.

அதுதான் சனிக்கிழமை வந்தது. எறும்பு அளவு ஸ்க்ரூ. முடி போல நாலு ஒயர். மாட்டி முடிப்பதற்குள் கை வேர்த்துவிட்டது. தட்டின் மேல் ஊசி எவ்வளவு பாரம் வைக்க வேண்டும் என்று பார்த்து, சந்தேகம் வந்து மறுபடி பார்த்து... ஒருவழியாக இறக்கினேன். பக்கத்து அறையிலிருந்து யாரோ நடந்து வருவதுபோலச் சலங்கை கேட்டது.

மாமா கண்ணை மூடிக் காத்திருந்தார். சலங்கை வந்தது. போனது. அவர் இன்னும் காத்திருந்தார்.

ஜெனிதான் குதித்துக்கொண்டு ஓடி வந்தாள். "தாத்தா, ஜல் ஜல்!" சலங்கை விழுகிற இடத்திலெல்லாம் சரியாகக் காலைத் தட்டினாள்.

மாமா கண்ணைத் திறந்தார். அவள் காலையே பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

"உனக்கும் கேக்குதாம்மா?"

இல்லை என்று சொல்லிவிடலாமா? அத்தை உயிரோடு இருந்திருந்தால் நேரே சொல்லியிருப்பார். மருமகள் எப்படிச் சொல்வது? சொல்லாமல்தான் எப்படி இருப்பது?

"கேக்குது மாமா."

"போன ஊசியில?"

"அதுலயும் கேட்டுச்சு."

எழுந்து போய் அவரே ஊசியைத் தூக்கி வைத்தார்.

"கொஞ்ச நாளாவே பாட வர்ற பிள்ளைகள, வாயத் தொறந்து பாடுங்க, வாயத் தொறந்து பாடுங்கன்னு ஏசிக்கிட்டே இருக்கேன்மா," என்றார். "பாவம்... அதுக தொண்ட கிழியத்தான் பாடியிருக்கும்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் அழவில்லை. "ஊசி நல்ல ஊசிதாம்மா. பாத்துத்தான் வாங்கியிருக்க" என்று எனக்கு ஆறுதல் வேறு சொன்னார்.

ஒருவரிடம் ஒரு திறமை இருக்கிறது என்று முடிவு கட்டிவிட்டால், அப்புறம் நாம் அந்தப் பக்கம் திரும்பிப் பார்ப்பதே இல்லை, கவனித்திருக்கிறீர்களா? டீவி சத்தம் கூடிக்கொண்டே போனது. ஜெனி இரண்டு தடவை கூப்பிட்டால்தான் திரும்பினார். எல்லாம் எங்கள் கண் முன்னால்தான் நடந்தது. ஆனாலும் ஊசியைத்தான் சந்தேகப்பட்டோம். ஊசியை மாற்ற முடியும் என்பதாலோ என்னவோ...

காது டாக்டரிடம் போகப் போகிறோம். மிஷின் வைத்தால் பேச்சு கேட்குமாம். பாட்டு பழையபடி கேட்குமா?

ஊசி மாட்டிய மறுநாள் ஞாயிற்றுக்கிழமைப் பூசை. மாமா பாடகர் வரிசைப் பக்கம் போகாமல் எங்களோடு பெஞ்சில் உட்கார்ந்தார். பாட்டு ஆரம்பித்ததும் மெல்லத் திரும்பி என் உதட்டைப் பார்த்தார். எந்த வரி ஓடுகிறது என்று பிடித்துக்கொள்ளத்தான்.

எனக்குப் பாட வராது. அன்றைக்கு வாயை நன்றாகத் திறந்து பாடினேன்.