எழவு வீட்டு எம்.எல்.ஏ.

காரை விட்டு இறங்குவதற்குள் மந்திரமூர்த்தி முகத்தை மாற்றிக்கொண்டுவிடுவார். கல்யாண வீட்டிலிருந்து எழவு வீட்டுக்கு ஆறு கிலோமீட்டர் என்றால், மூன்றாவது கிலோமீட்டரில் சிரிப்பு உள்ளே போய்விடும். "ஆரு, என்ன வயசு, பிள்ளைய எத்தன?" என்று உதவியாளர் சிவப்பிரகாஷிடம் கேட்டுக்கொள்வார். இறங்கும்போது கண் கலங்கியிருக்கும்.

தூத்துக்குடியில் பருப்பு மொத்த வியாபாரம் செய்தவர். இருநூற்றுப் பன்னிரண்டு ஓட்டு வித்தியாசத்தில் சட்டமன்ற உறுப்பினரானார். "அம்புட்டும் எழவு வீட்டு ஓட்டுவே. கல்யாணத்துக்கு வந்தவன எவன் நெனைப்பான்? எழவுக்கு வராதவனத்தான் மறக்க மாட்டான்" என்பார். சட்டமன்றத்தில் மூன்றாண்டில் ஒரே ஒருமுறை, குடிநீர் பற்றிப் பேச எழுந்தார். பழக்கதோஷத்தில் இரண்டு நிமிடம் தலைகுனிந்து மௌனமாக நின்றுவிட்டார். நேரம் முடிந்ததென்று உட்காரச் சொல்லிவிட்டார்கள்.

சென்ற மாதம், தருவைகுளம் போகிற வழியில் உப்பளத் தொழிலாளர் தெருவொன்றில் வேல்ராஜ் என்பவர் இறந்ததாகத் தகவல் வந்தது. "வேல்ராஜ் வீடு எது?" என்றதும் யாரோ கை காட்டினார்கள். மந்திரமூர்த்தி ரோஜா மாலையோடு உள்ளே போனார். முகத்தில் துண்டைப் போட்டபடி ஓர் ஆள் பாயில் நீட்டி நிமிர்ந்து கிடந்தார். நெஞ்சில் மாலையை வைத்துவிட்டு, அடுப்படியிலிருந்து வந்த அவர் மனைவி பிச்சம்மாளைப் பார்த்துக் கும்பிட்டார்.

"ஈடு செய்ய முடியாத இழப்பும்மா."

"ஐயோ, அவிய விடியக்காலம் உப்பு வாரப் போயிட்டு வந்து தூங்குதாவ!"

அதற்குள் சிவப்பிரகாஷ் ஓடிவந்து காதில் சொன்னார்: "அண்ணாச்சி, செத்தது லாரி ஓட்டுத வேல்ராஜாம். நாலு வீடு தள்ளி. பாடி இன்னும் ஆஸ்பத்திரியில இருந்து வரல."

பாயில் கிடந்த வேல்ராஜ் துண்டை விலக்கி மாலையைத் தடவிப் பார்த்தார்.

"தண்ணிக் குழாய்க்கி நாலு மனு குடுத்தேன். ஒருக்ககூட வரல. செத்தாத்தான் வருவீயளா அண்ணாச்சி? சரி, நான் செத்தே கெடக்கேன். தண்ணி வந்ததும் எழுப்புங்க."

மறுபடி துண்டைப் போட்டுக்கொண்டு படுத்துவிட்டார்.

வாசலில் கூட்டம் கூடிவிட்டது. விவரம் தெரியாத ஒருத்தி ஒப்பாரியே தொடங்கிவிட்டாள். எழவு வீட்டிலிருந்து பாதியில் கிளம்பிய எம்.எல்.ஏ. என்று பெயர் வந்தால் இருநூற்றுப் பன்னிரண்டும் போய்விடும். வியர்த்துப்போய் குடிநீர் அதிகாரியைப் போனில் பிடித்தார். அடுத்த வாரம் பார்க்கலாம் என்றார் அதிகாரி.

"அடுத்த வாரம் எப்படிவே? இங்கன பொணத்த எடுக்கவிட மாட்டேங்காவ!"

கத்தியபோது குரல் உடைந்தது. அந்த அழுகை மட்டும் தானாக வந்தது.

நாலு மணிக்குத் தண்ணீர் லாரி வந்தது. வேல்ராஜ் மாலையைக் கழற்றிப் பாயில் வைத்துவிட்டு, இரண்டு குடங்களோடு வரிசையில் முதல் ஆளாக நின்றார். ஒப்பாரி வைத்தவள் அவருக்குப் பின்னால் நின்று, "செத்தவருக்கு எதுக்கு ரெண்டு கொடம்?" என்று சண்டை பிடித்தாள்.

சற்று நேரத்தில் தெருமுனையில் ஆம்புலன்ஸ் திரும்பியது. மந்திரமூர்த்தி பாயில் கிடந்த மாலையை எடுத்துப் பார்த்தார். இதழ்கள் வாடியிருந்தன. லாரியடிக்குப் போய், குடங்களை விலக்கி, ஒரு கை தண்ணீர் பிடித்து அதன்மேல் தெளித்தார். ஓர் உதறு உதறிவிட்டு, நாலாவது வீட்டைப் பார்த்து நடந்தார்.